சிரிக்காதவர்கள் மைதானத்தைச் சுற்றுக

குழந்தைகளின் உடலை அசைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், அந்த வேலையைச் செய்யப்போகிற ஆசிரியர்களின் உடலை ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் பயிற்சியாளரோடு ஒரு மருத்துவரையும் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். மூட்டுவலி, முதுகுவலி, மூச்சிரைப்பு ஆகிய முப்பெருஞ் செல்வங்களையும் முறையாகச் சேர்த்துவைத்திருந்த அந்த ஆசிரியர் கூட்டம், பள்ளியின் கூட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நிறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. சுவரில் ஒரு துணிப்பதாகை. 'உடலோடு கற்போம்' என்று அதில் எழுதியிருந்தது. அதுவரை அந்தப் பள்ளியில் உடலை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கற்றார்கள் போலும்.

பயிற்சியாளர் மேலிடத்திலிருந்து வந்தவர். விளையாட்டு வீரர்கள் அணியும் நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலணி. வயிறு மட்டும் அந்த உடையோடு ஒத்துழைக்க மறுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"பாடம் நடத்தும்போதே பிள்ளைங்களை அசைய விடுங்க. வாய்ப்பாடா? குதிச்சுக்கிட்டே சொல்லட்டும். பூமி சுத்துதா? பிள்ளைங்களும் சுத்தட்டும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மரக்கட்டை மாதிரி உக்கார வெச்சா மூளைக்கு ரத்தம் எப்படிங்க போகும்?"

நல்ல பேச்சு. நியாயமான பேச்சு. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் கூட்டத்தைக் கேள்வி கேட்டுக் கலகலப்பாக்க வேண்டும் என்று அவருக்கும் எவரோ பயிற்சி கொடுத்துத் தொலைத்திருந்தார்கள்.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க. உங்க வகுப்புல ஏற்கெனவே என்னென்ன உடல் அசைவு நடக்குது?"

ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியர் எழுந்தார். பணியில் மூத்தவர், தொண்டையைச் செருமினாலே அடுத்த வகுப்பும் சேர்ந்து அடங்கும் என்று பெயரெடுத்தவர்.

"பெஞ்சு மேல நிக்க வைப்போம்."

"பிரமாதம்! சமநிலை!" என்று பயிற்சியாளர் கரும்பலகையில் எழுதினார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"முட்டி போட வைப்போம் சார்."

"தொடை வலிமை!"

"கையைத் தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்லுவோம். மணி அடிக்கிற வரைக்கும்."

"தோள்பட்டை! கூடவே பொறுமை! ரெண்டும் ஒண்ணா வருது பாருங்க!"

"மைதானத்தைச் சுத்தி ஓட விடுவோம்."

"நுரையீரல்!"

"ஒத்தைக் கால்ல நிக்க வைப்போம்."

"ஆஹா!"

"நான் வந்து சார், நாற்காலி இல்லாமலே நாற்காலியில உக்காரச் சொல்லுவேன்" என்று தையல் ஆசிரியை வெட்கத்தோடு எழுந்து சொன்னபோது கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? உங்களுக்கே தெரியாம நீங்க எங்களுக்கெல்லாம் முன்னாடி போய்க்கிட்டிருக்கீங்க!"

பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிழிந்தெடுத்தவர்கள் ஒரே பிற்பகலில் முன்னோடிகள் ஆனார்கள். தங்களுக்குள் இப்படியொரு கல்வியாளர் உறங்கிக்கொண்டிருந்ததை அறியாமல் இத்தனை காலம் வெறும் கோபக்காரர்களாக வாழ்ந்துவிட்டோமே என்று சிலர் வருந்தியும் இருக்கலாம்.

கடைசி வரிசையிலிருந்து மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுந்தாள். கூட்டத்தில் இளையவள், ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த தற்காலிக ஆசிரியை. தற்காலிகமானவர்கள் கேள்வி கேட்பது அந்தப் பள்ளியில் வழக்கமில்லை.

"சார், இதெல்லாம் தண்டனை ஆச்சே."

"அது நாம பாக்கற பார்வை டீச்சர். பேரை மாத்திடுவோம். ஒத்தைக் கால்ல நிக்கறது இனிமே 'கொக்கு'. பெஞ்சு மேல ஏறினா 'மலையேற்றம்'. முட்டி போட்டா 'ஒட்டகம்'."

"பேரை மாத்தினா வலி மாறுமா சார்?"

"மனசு மாறும் டீச்சர், மனசு!"

ஆண்டான் என்ற சொல்லை அழித்து அதிகாரி என்று எழுதி, அடிமை என்ற சொல்லை அழித்து ஊழியர் என்று எழுதி, விடுதலை வந்துவிட்டதென்று விழா எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய வேலையா? அந்தக் கரும்பலகையில் அன்று எல்லாத் தண்டனைகளும் குளித்து முழுகி, புத்தாடை உடுத்தி, பாடத்திட்டமாகப் பதவியேற்றுக்கொண்டன.

பயிற்சி முடிந்ததும் தலைமை ஆசிரியர் அந்த இளைய ஆசிரியையைத் தன் அறைக்கு அழைத்தார். அவருடையது சுழல் நாற்காலி. அந்தப் பள்ளி வளாகத்திலேயே அசைவதற்கு அனுமதி பெற்றிருந்த ஒரே பொருள் அதுதான். அதில் இடமும் வலமுமாகச் சற்று ஆடியபடி அவர் சொன்னார்:

"கல்வித்துறை இயக்குநர் மேடம் நேர்ல வராங்க. மாதிரிப் பாடம் ஒண்ணு பாக்கணுமாம். யாரை நிறுத்தறதுன்னு யோசிச்சேன். கணக்கு சாருக்கு இடுப்பு. தையல் டீச்சருக்கு முட்டி. அறிவியல் டீச்சருக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டேன், கௌரவம்னாங்க. உங்களுக்கு எதுவும் இல்லல்ல?"

"இல்ல சார்."

"அப்ப நீங்கதான்." நாற்காலி நின்றது. "ஒண்ணு சொல்றேன் டீச்சர். மேடம் மனசு குளுந்து நம்ம பள்ளியை முன்மாதிரிப் பள்ளின்னு அறிவிச்சுட்டாங்கன்னா, உங்களை இங்கயே நிரந்தரம் பண்ணச் சொல்லிப் பரிந்துரை எழுதறேன். இதோ, இந்தக் கையாலயே."

வலக்கையைத் தூக்கிக் காட்டினார். அவளுக்கு அந்தக் கை அப்போது உலகத்திலேயே அழகான கையாகத் தெரிந்தது. காரணம் உண்டு. தற்காலிக ஆசிரியைக்கு ஆண்டு முடிந்தால் ஒப்பந்தம் முடியும். அடுத்து எந்த ஊரில் இடம் விழுகிறதோ அந்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். மணமான நாளிலிருந்து அவள் கணவனோடு ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து வாழ்ந்தது இந்த ஆண்டில்தான். அதற்கு முன்பெல்லாம் அவள் தன் வீட்டுக்கே விருந்தாளி.

வீட்டில் அவள் சொன்னபோது கணவன் வெந்நீர் நிறைந்த வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்துக்கடை விற்பனையாளன். காலையில் கவுன்டருக்குப் பின்னால் நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் வாடிக்கையாளர் கடை மூடியிருப்பதாக நினைத்துவிடுவார் என்பது முதலாளியின் கொள்கை. பக்கத்தில் மாமனார். பேருந்து நடத்துநராக ஓய்வு பெற்றவர்.

"அசைஞ்சுக்கிட்டே, நின்னுக்கிட்டே படிச்சா மூளை வளருமாம் மாமா" என்றாள்.

"அப்படின்னா நான் ஏம்மா கண்டக்டராவே ரிடையர் ஆனேன்? ஆயுசு பூரா நின்னேன். அதுவும் ஓடற வண்டியில. இந்நேரம் விஞ்ஞானி ஆயிருக்கணுமே!"

"எனக்கும் வளருதுப்பா" என்றான் கணவன், வாளிக்குள் பார்த்தபடி. "மூளை இல்ல, முழங்கால்ல நரம்பு. புடைச்சுக்கிட்டு வருது."

"கேலி பண்ணாதீங்க. இது நல்லபடியா நடந்தா நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காரு."

சிரிப்பு நின்றது. கணவன் ஒரு காலை வாளியிலிருந்து எடுத்தான். நீர் சொட்டியது.

"இங்கயேவா?"

"இங்கயேதான்."

"அப்ப கூட்டத்துக்கு ஆள் குறைஞ்சா சொல்லு. கடைக்கு லீவு போட்டுட்டு நானே வந்து குதிக்கிறேன்."

"என்னையும் சேத்துக்கம்மா" என்றார் மாமனார். "எனக்கு விசில் ஊதவும் வரும்."

கணவன் காலை மறுபடியும் நீருக்குள் வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன வருஷம் மாதிரி வேணாம்மா. சனிக்கிழமை வர, ஞாயித்துக்கிழமை கிளம்ப. நீ பையை வைக்கிறப்பவே அத எப்ப எடுப்பேன்னு தோணும் எனக்கு."

இந்த வேலையை எப்பாடு பட்டாவது பிடித்துவிட வேண்டும் என்று அவள் மனத்துக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் மாதிரிப் பாடத்தின் முதல் ஒத்திகை.

"எல்லாரும் எழுந்திருங்க. ஒத்தைக் கால்ல நில்லுங்க. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே காலை மாத்தி மாத்திக் குதிக்கப் போறோம்."

எழுந்தார்கள். ஒரு காலைத் தூக்கினார்கள். வாயைத் திறந்தார்கள். வாய்ப்பாடு வரவில்லை, வாக்குமூலம் வந்தது.

"டீச்சர், நான் பேசல டீச்சர். இவன்தான் பேசினான்."

"ஏய், நான் ரப்பர்தான்டா கேட்டேன்!"

"டீச்சர், சுவத்துல உங்க படம் போட்டது நாங்க இல்ல. நாலாம் வகுப்பு."

சுவரில் தன் படம் இருக்கும் செய்தியே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"டீச்சர், நேத்து வயித்து வலின்னு சொன்னேன்ல, அது பொய்" என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எவரும் கேட்காமலே தேம்பித் தேம்பி ஒப்புக்கொண்டாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து புதுப்பல் முளைக்காத வாய். அதனால் வகுப்பு அவளுக்கு 'பொக்கை' என்று பெயரிட்டிருந்தது.

காவல் நிலையங்கள் கண்டறியாத உண்மைகளையெல்லாம் ஒரு கொக்கு கண்டறிந்துகொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நிற்பதென்றால் ஏதோ ஒரு குற்றத்துக்காகத்தான் நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தக் குற்றம் என்பதுதான் தெரியவில்லை. ஆகவே கைவசம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"இது தண்டனை இல்லடா கண்ணுங்களா. விளையாட்டு."

"யாருன்னு சொல்லிட்டா விளையாட்டை நிறுத்திடுவீங்களா டீச்சர்?"

அப்போது ஒரு சிறுமி தன் இடத்திலிருந்து இறங்கி நேராகச் சுவரோரம் போய் நின்றாள். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்பில், உள்ளே இருந்ததைவிட வெளியே தாழ்வாரத் தூணருகே அவள் நின்ற நேரம் அதிகம். வகுப்பு அவளை 'தூண்' என்றே அழைத்தது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எங்க போற?"

"எல்லாரையும் ஏன் டீச்சர் நிக்க வைக்கிறீங்க? பாவம், அவங்களுக்குக் கால் வலிக்கும். நான் ஒருத்தியே நின்னுக்கிறேன். எனக்குப் பழக்கம்."

ஆசிரியை எல்லாரையும் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். கை கட்டி, வாய் பொத்தி, கண்ணைக்கூட அளவாக அசைத்து உட்கார்ந்தார்கள். உட்கார அனுமதி கிடைத்ததும் அந்த வகுப்பு ஒரே மூச்சாக விட்ட பெருமூச்சைக் கேட்டிருந்தால், பதாகை எழுதியவர் தூரிகையைத் தூர எறிந்திருப்பார்.

"அழறாங்களா?" தலைமை ஆசிரியரின் நாற்காலி கவலையோடு சுழன்றது. "அழக் கூடாதே. மேடம் படமெல்லாம் எடுப்பாங்களே."

"சார், இன்னும் கொஞ்சம் நாள் குடுங்க. அவங்களை முதல்ல வெறுமனே விளையாட விடறேன். பயம் தெளியட்டும். அப்புறமா..."

"அதுக்கெல்லாம் நேரம் ஏது டீச்சர்?"

"என்கிட்ட விடுங்க சார்" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர். "பயம் தெளியணுமா? தெளிய வெச்சுடறேன்."

இடுப்பு வலிக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பின் நடுவே போட்டு அமர்ந்தார். பயிற்சியாளர் விட்டுச் சென்ற விசில் இப்போது அவர் வாயில் இருந்தது. ஒரு விசிலுக்குக் கால் மேலே போக வேண்டும். அடுத்ததற்குக் கால் மாற வேண்டும். நீண்ட விசிலுக்குச் சிரிக்க வேண்டும்.

"சிரிக்காதவங்க மைதானத்தைச் சுத்திட்டு வரணும். புரியுதா? ஊம், சிரி!"

முதலில் ஓடியவள் பொக்கை. பல்லில்லாத வாயைத் திறக்க வெட்கப்பட்டு உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்; கணக்கு ஆசிரியரின் கணக்கில் அது சிரிப்பாகச் சேரவில்லை. உச்சி வெயிலில் ஓடிவிட்டு வந்து நின்றபோது அவள் வாய் தாராளமாகத் திறந்திருந்தது. மூச்சு வாங்குவதற்காக.

ஆசிரியை வாசற்படியில் நின்று பார்த்தாள். 'வேண்டாம் சார்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே வெந்நீர் வாளியும், அதிலிருந்து எழும்பிய ஒரு காலும், 'இங்கயேவா' என்ற குரலும் வந்தன. சொல்லை விழுங்கினாள். நாக்கு நுனிக்கும் உதட்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு தொலைவில்தான் உலகத்தின் நியாயங்களில் பெரும்பாலானவை நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. வாடகைகூடக் கொடுப்பதில்லை.

வகுப்பு தேறிவிட்டது. விசில் கேட்டால் உதடுகள் திறந்தன, பற்கள் தெரிந்தன, கண்கள் மட்டும் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

இயக்குநர் வந்தார். நடுவயது அம்மையார். கெட்டவர் அல்லர். சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தத் திட்டத்தை உண்மையாகவே நம்பியவர். ஆகவேதான் அவரை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக இருந்தது. பின்வரிசையில் அவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் மெத்தை வைத்த நாற்காலிகள். அவர்களுக்குப் பின்னால், பிள்ளைகளின் பார்வை படும் இடத்தில், கணக்கு ஆசிரியர் நின்றார். விருந்தினர் முன் விசில் நாகரிகமாகாது என்பதால் கைக்குட்டை. விரித்தால் சிரிப்பு, மடித்தால் நிறுத்தம்.

"ஓரேழு ஏழு!" என்று ஆசிரியை தொடங்கினாள்.

கால்கள் எழுந்தன. கைக்குட்டை விரிந்தது. வகுப்பு முழுவதும் ஒரே நொடியில் சிரித்தது. பயிற்சியாளர் பாய்ந்து பாய்ந்து படமெடுத்தார்.

"எவ்வளவு சந்தோஷம் பாருங்க பிள்ளைங்க முகத்துல!" இயக்குநர் உருகினார். "ஒருத்தர் விடாம சிரிக்கிறாங்களே!"

"எங்க பள்ளியில எப்பவுமே இப்படித்தான் மேடம்" என்றார் தலைமை ஆசிரியர் அடக்கத்தோடு.

இதோடு முடிந்திருந்தால் முன்மாதிரிப் பள்ளியும் ஆகியிருக்கும், பரிந்துரையும் ஆகியிருக்கும். கெடுத்தது இயக்குநரின் உற்சாகம்.

"நாம மட்டும் உக்காந்திருந்தா எப்படி? வாங்க ஹெச்.எம்.! நீங்களும் ஒரு கொக்கு!"

"நானா மேடம்? நான் வந்து... இந்தக் காலணியில..."

"கழட்டிட்டு வாங்க!"

மேலிடம் நில் என்றால் நிற்பதும் உட்கார் என்றால் உட்காருவதுமாகவே அந்தப் பதவிக்கு உயர்ந்தவர் அவர். ஒரு காலில் நில் என்றதும் மறுக்க அவருக்கு முன்பழக்கம் இல்லை. காலணியைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வகுப்புக்கு முன்னால், ஒற்றைக் காலைத் தூக்கினார்.

வகுப்பு உறைந்தது. 'மூவேழு' அந்தரத்தில் நின்றது. பின்னால் கைக்குட்டை விரிந்தது, மடிந்தது, மறுபடி விரிந்தது, கொடியைப் போலப் பறந்தது. அதைப் பார்ப்பார் இல்லை. பள்ளியின் மாபெரும் மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்.

தூண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஹெச்.எம். சார் என்ன தப்பு பண்ணினாரு?"

"பேசியிருப்பாரு" என்றது ஒரு குரல்.

"இல்லடா, லேட்டு. தினமும் லேட்டாத்தான வராரு."

இயக்குநர் முதலில் சிரித்தார். "தப்பா? என்னம்மா சொல்ற?"

பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. தலைமை ஆசிரியர் தள்ளாடினார். அவருடைய முகம் சிரிப்புக்கு மிகவும் தொலைவில் இருந்தது. பொக்கைக்குப் பொறுக்கவில்லை. உண்மையான பதற்றத்தோடு ஓடி வந்தாள்.

"சார், சிரிங்க சார்! சிரிக்கலன்னா மைதானம்!"

"ஆமா சார், சிரிச்சுடுங்க. வெளிய ரொம்ப வெயில்."

தூணும் பக்கத்தில் வந்து நின்றாள். தொழில் தெரிந்தவளின் நிதானம் அவள் குரலில் இருந்தது. "சுவத்துல ஒரு புள்ளிய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க சார். அப்ப ஆடாது. ரெண்டாம் வகுப்புத் தாழ்வாரத்துல பல்லி முட்டை மாதிரி ஒண்ணு இருக்கு. அது நல்ல புள்ளி. இங்க அவ்வளவு நல்லது இல்ல."

இயக்குநரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "மைதானம்னா என்ன டீச்சர்?"

அறையிலிருந்த பெரியவர்களின் கண்கள் அத்தனையும் ஆசிரியையின் மேல் திரும்பின. ஒற்றைக் காலில் நின்றபடியே தலைமை ஆசிரியர் வலக்கையை லேசாக உயர்த்தினார். எழுதப்போகிற கை. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'பிள்ளைங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்க மேடம்.' சொன்னால் நிரந்தரம். வீடு. கணவன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பை எடுக்காத வாழ்க்கை.

கீழே தூண் தலைமை ஆசிரியரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடப் போகிறாரே என்று.

"சிரிக்காத பிள்ளைங்களை வெயில்ல மைதானத்தைச் சுத்தி ஓட விட்டோம் மேடம். இன்னைக்கு நீங்க பாத்த சிரிப்பு அதுதான்."

"யாரு ஓட விட்டது?"

"கணக்கு சார் விசில் ஊதினாரு. ஹெச்.எம். சார் சரின்னாரு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

கைக்குட்டை மடிந்து சட்டைப்பைக்குள் போயிற்று.

பொக்கை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப நீங்களும் தப்புதானா டீச்சர்?"

"ஆமாம்மா."

சொல்லிவிட்டு அவள் தானும் ஒரு காலைத் தூக்கினாள். மேசையைப் பிடிக்கவில்லை.

வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நடைமுறை தெரிந்த ஒருவன் நினைவூட்டினான்: "வாய்ப்பாடு சொல்லணும் டீச்சர்."

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு..." காலை மாற்றிக் குதித்தாள். "மூவேழு இருபத்தொண்ணு..." புடவை தடுக்கியது. கையை வீசிச் சமாளித்தாள். ஆறேழில் ஆடினாள். ஏழேழு நாற்பத்தொன்பதில் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

பொக்கை சிரித்தாள். பல்லில்லாத வாயை அகலத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளிலிருந்து அது அடுத்த வரிசைக்குத் தாவியது. ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு சத்தத்தில், ஒழுங்கில்லாமல், அழகில்லாமல் சிரித்தார்கள். பயிற்சியாளர் அதைப் படமெடுக்கவில்லை. படத்தில் நன்றாக வராது என்று கருதியிருக்கலாம்.

"டீச்சர்! ஹெச்.எம். சார் சொல்லாமலே காலை இறக்கிட்டாரு!"

இயக்குநர் ஆசிரியையைத் தாழ்வாரத்துக்குத் தனியே அழைத்துப் போனார். "திட்டம் நல்ல திட்டம்தான்மா" என்றார், எவரோ மறுத்ததைப் போல.

"நல்ல திட்டம்தான் மேடம். பிரம்பைக் கீழ போடாமலே அதைக் கையில வாங்கிக்கிட்டோம்."

"கணக்கு சார்கிட்ட விளக்கம் கேப்பேன். பயிற்சியையும் மாத்தச் சொல்றேன். ஆனா உன் நிரந்தரம்..." தயங்கினார். "பரிந்துரை தலைமை ஆசிரியர்தான் எழுதணும். விதி அப்படி. என் கையில இல்ல."

மேலே இருப்பவர்களின் கை எவ்வளவு நீளமானது என்பதை நாடறியும். நல்லது செய்ய வேண்டிய இடம் வரும்போது மட்டும் அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது.

கார் போன பிறகு தலைமை ஆசிரியர் காலணியின் நாடாவைக் கட்டியபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்தக் கையால எழுதறேன்னு சொன்னேன்ல? இது எழுதாது டீச்சர். வருஷம் முடியட்டும். வேற ஊர் பாத்துக்குங்க."

"சரி சார்."

கணவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தாள். 'வேலை போயிடுச்சு' என்று தொடங்குவதா, 'இன்னைக்குக் கீழ விழுந்துட்டேன்' என்று தொடங்குவதா? இரண்டாவதில் தொடங்கினால் மாமனாராவது முதலில் சிரிப்பார். அதற்குள் வகுப்பு வந்துவிட்டது.

பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. எவரும் சொல்லாமல் அவர்களே தள்ளியிருந்தார்கள். நடுவே வெற்றுத் தரை.

"உங்க தண்டனை முடிஞ்சுதா டீச்சர்?"

"முடிஞ்சுது."

"அப்ப எட்டாம் வாய்ப்பாடு போடலாமா? நீங்களும் குதிக்கணும்."

"எட்டு இன்னும் நடத்தவே இல்லையேடா."

"குதிச்சுக்கிட்டே நடத்துங்க!"

"சரி. ஆனா ஒண்ணு. கால் வலிச்சா உக்காந்துக்கலாம். யாரையும் கேக்க வேணாம்."

அந்தச் சட்டத்தை வகுப்பு நம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூண் மிக மெதுவாக, எவரேனும் தடுத்தால் உடனே எழுந்துவிடும் எச்சரிக்கையோடு, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்துக்கிட்டே சொல்லட்டுமா டீச்சர்?"

"சொல்லும்மா."

அவள் கால்களை ஆட்டத் தொடங்கினாள். ஓரெட்டு எட்டு என்று அவள் குரல் கொடுக்க, வகுப்பு குதித்தது. ஆசிரியையும் குதித்தாள். தரை அதிர்ந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. ஈரெட்டு எவ்வளவு என்பதில் சண்டை வந்து, இரண்டிரண்டு பேராக எட்டெட்டு முறை குதித்து எண்ணிப் பார்த்துப் பதினாறு என்று தீர்த்துக்கொண்டார்கள்.

அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த செய்தியைச் சொல்லலாமா என்று திகைத்தார். பிறகு கடமை வென்றது.

"டீச்சர், சத்தம் ஹெச்.எம். ரூம் வரைக்கும் கேக்குதாம். சத்தம் போடறவங்களை எல்லாம் எழுந்து நிக்கச் சொல்லச் சொன்னாரு."

ஆசிரியை மூச்சு வாங்கினாள். நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொல்லுங்கண்ணே. ஒருத்தி மட்டும் உக்காந்திருக்கா." திரும்பிப் பார்த்தாள். தூண் எழுந்துகொள்ள அரை மனத்தோடு ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். "அவ எழுந்திருக்க மாட்டான்னும் சேத்துச் சொல்லிடுங்க."